பதினோரு டம்ளர்

வெடுக்கு என்று அவளுக்குப் பெயர் வைத்தது சலவைக்கூடத்துப் பெண்கள்தான். "டீ குடிச்சியா?" என்று யாராவது கேட்டால், "ஏன், இல்லன்னா நீ ஊத்தித் தரப்போறியா?" என்பாள். கேட்டவள் முகம் சுண்டிப்போகும். அவள் அதைக் கவனிக்கவும் மாட்டாள். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியின் பின்புறம், பிணவறைக்கும் சமையலறைக்கும் நடுவில், தகரக் கூரை போட்ட நீளமான கூடம்தான் அந்தச் சலவைக்கூடம். ஒரு முனையில் அழுக்கறை. வார்டுகளிலிருந்து வரும் துணி மூட்டைகளை அங்கே மேஜையில் கொட்டிப் பிரிப்பார்கள். நடுவில் நாலு பெரிய சலவை இயந்திரங்கள், காது செவிடாகிற மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். மறு முனையில், ஈரப் படுக்கை விரிப்புகளை விழுங்கிக் காய்ந்த விரிப்பாகத் துப்பும் சூடான உருளை இயந்திரம். அதை ஒட்டி மடிக்கும் மேஜைகள். எல்லாமாகப் பன்னிரண்டு பெண்கள்.

வெடுக்கு ஆறு வருஷமாக அழுக்கறையில்தான் இருந்தாள். யாரும் விரும்பாத இடம். ரத்தம், சீழ், வாந்தி எல்லாம் வந்து விழும் இடம். கூடவே நோயாளிகள் தொலைத்த பல்செட்டு, ஸ்பூன், சீப்பு, ஒரு தடவை அலறிக்கொண்டே ஒரு செல்போன். எல்லாவற்றையும்விட மோசமானது ஊசி. அவசரத்தில் வார்டில் யாரோ படுக்கையில் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், அது விரிப்போடு சுருண்டு வரும். வெடுக்கு எந்தத் துணியையும் வாரி அணைத்துத் தூக்க மாட்டாள். ஓர் ஓரத்தை மட்டும் பிடித்து மேஜைமேல் உதறுவாள். டிங் என்ற சத்தம் கேட்டால், இடுக்கியால் எடுத்து மஞ்சள் பெட்டியில் போடுவாள். அவள் மேஜையைத் தாண்டி ஒரு ஊசிகூட உள்ளே போனதில்லை. அதற்காக யாரும் அவளைப் பாராட்டியதும் இல்லை. நல்லபடியாக நடக்கிற வேலையை யார் பார்க்கிறார்கள்?

அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன். அவனுக்குக் குடலிறக்க அறுவை என்றபோது ரத்தம் கேட்டார்கள். அவளே போய்ப் படுத்துக் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து ரத்த வங்கியிலிருந்து வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். திரைக்குப் பின்னால் ஆலோசகர் அம்மா ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: ஹெபடைடிஸ் பி.

"மஞ்சள் காமாலையா? எனக்கா? கண்ணைப் பாருங்க, எங்க மஞ்சள் இருக்கு?"

"கண்ணு மஞ்சளாகணும்னு இல்லம்மா. இந்தக் கிருமி கல்லீரல்ல சத்தமில்லாம வருஷக்கணக்கா உக்காந்திருக்கும். பல பேருக்குத் தாய்கிட்டேர்ந்து பிறக்கும்போதே வரும். உங்க அம்மா எப்படி இருக்காங்க?"

வெடுக்குக்குப் பத்து வயதாக இருந்தபோது அம்மா வயிறு பானை மாதிரி உப்பி, கைகால் குச்சியாகிச் செத்துப்போனாள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அப்பா கடைசிவரை பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

மேற்கொண்டு பரிசோதனை செய்தார்கள். கல்லீரல் நன்றாக இருந்தது. இப்போதைக்கு மாத்திரைகூட வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்றார்கள். புருஷனுக்கும் மகளுக்கும் இல்லை. மகளுக்குப் பிறந்தபோதே தடுப்பூசி போட்டாயிற்று, புருஷனுக்கு மூன்று தவணை போட வேண்டும். அவன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், சாப்பிட்ட கையைக் கழுவாமல் உட்கார்ந்துகொண்டு கேட்டான்:

"எவன்கிட்டேர்ந்து வந்துச்சு?"

வெடுக்கு அவன் தட்டைப் பிடுங்கி வாசலில் எறிந்தாள். மறுநாள் காலை அவனைத் தரதரவென்று இழுக்காத குறையாகக் கூட்டிப்போய் அந்த ஆலோசகர் அம்மா முன்னால் உட்காரவைத்தாள். "இப்ப கேளு, நேத்து கேட்டதை." அவன் கேட்கவில்லை. அவர் சொன்னதையெல்லாம் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தான். அந்தக் கேள்வி மட்டும் வீட்டில் ஒரு மூலையில் கிடந்தது. அவளும் அதைப் பெருக்கித் தள்ளவில்லை.

சும்மா இருந்திருந்தால் சலவைக்கூடத்தில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் ஊசி வருகிற மேஜையில் நிற்கிறவள் அவள். ரத்தத்தின் வழியாகப் பரவும் என்று கேட்டதிலிருந்து, ஒவ்வொரு டிங் சத்தத்துக்கும் கூடத்துக்குள் திரும்பிப் பார்த்தாள். தனக்கு இனிமேல் வருவதற்கு ஒன்றுமில்லை. மற்ற பதினோரு பேருக்கு? அவர்களில் ஒருத்தியும் தடுப்பூசி போட்டவள் இல்லை. நேராகச் சூப்பர்வைசரிடம் போனாள்.

"சார், டாக்டர், நர்சு எல்லாருக்கும் காமாலை ஊசி போடறாங்க. எங்களுக்கும் போடச் சொல்லுங்க. எங்க கையிலதான் ஊசி குத்தும்."

சூப்பர்வைசர் பேனாவால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். "இத்தனை வருஷமா யாரும் கேக்கல. உனக்கு மட்டும் என்ன திடீர் ஞானோதயம்?"

அவளுக்கு அடக்கிப் பேசத் தெரியாது. "எனக்கு இருக்கு சார். அதனாலதான் சொல்றேன்" என்றுவிட்டாள்.

சாயங்காலம் கை கழுவப் போனபோது குழாயடியில் நின்ற நாலு பேரும் ஒரே சமயத்தில் நகர்ந்தார்கள். அப்போதே புரிந்துவிட்டது.

முன்னால் நின்று நடத்தியவள் உருளை அக்கா. உருளை இயந்திரத்தில் நிற்பதால் அந்தப் பெயரா, உருவத்தைப் பார்த்து வைத்த பெயரா என்று துணிந்து கேட்டவர் யாரும் இல்லை. கூடத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். யார் எந்த ஜன்னலோரம் உட்காருவது, டீ எப்போது வாங்குவது, யாரோடு யார் பேசலாம் எல்லாம் அவள் கண்ணசைவில் நடக்கும். மறுநாள் காலை வெடுக்கு வந்து பார்த்தபோது, அலமாரியில் வரிசையாக இருக்கும் பன்னிரண்டு டம்ளர்களில் அவளுடையது மட்டும் வெளியே ஜன்னல் திட்டில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஏப்ரன் தனி ஆணியில் தொங்கியது.

"யாரு வேலை இது?"

"நான்தான்" என்றாள் உருளை அக்கா, உருளையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாங்கல்லாம் புள்ளகுட்டிக்காரங்க. உன் சீக்கை வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது."

"சோத்துல பரவாது. டம்ளர்ல பரவாது. தொட்டாப் பரவாது. ரத்தத்துல பரவும், புருஷன் பொண்டாட்டிக்குள்ள பரவும், தாய்கிட்டேர்ந்து புள்ளைக்குப் பரவும். டாக்டரே சொன்னாரு."

"புருஷன் பொண்டாட்டிக்குள்ளயா?" உருளை அக்கா இப்போது திரும்பினாள். "உன் புருஷன் இங்க வந்து ஊசி போட்டுக்கிட்டானாமே, அவனுக்கு இல்லையாமே. அப்ப எந்தப் புருஷன்கிட்டேர்ந்துடி?"

மடிக்கும் மேஜையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வெடுக்குக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டில் கேட்ட அதே கேள்வி, இங்கே பதினோரு வாயால்.

மூன்று வாரம் இப்படியே போனது. அவள் தொட்ட குழாயைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் துடைத்தார்கள். கழிவறைக் கதவில் "அவளுக்கு மட்டும்" என்று சாக்கட்டியால் எழுதினார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவள் வந்தால் பெஞ்சு காலியாகும். அவளும் சும்மா இருக்கவில்லை. குழாயைத் துடைத்தவளிடம், "அப்படியே உன் மூளையையும் துடைச்சுக்கோ, ரொம்ப அழுக்கு" என்றாள். சாக்கட்டி எழுத்துக்குக் கீழே, "தனி அறை கொடுத்ததுக்கு நன்றி" என்று எழுதிவைத்தாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

நாலாவது வாரம் ஒரு நாள், ஜன்னல் திட்டில் அவள் டம்ளரைக் காணோம். தேடிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கழிவு போடும் மஞ்சள் தொட்டியில், ரத்தம் தோய்ந்த பஞ்சுக்கு நடுவில், தலைகீழாகக் கிடந்தது.

டீ நேரம். எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அலமாரியில் பதினோரு டம்ளர்களும் கழுவிக் கவிழ்த்து வைத்தபடி இருந்தன. வெடுக்கு கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினாள். தண்ணீர் ஜாடியை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் போனாள். முதல் டம்ளரை நிமிர்த்தினாள், ஒரு வாய்த் தண்ணீர் ஊற்றினாள், உதட்டை நன்றாக வைத்துக் குடித்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. முதலில் யாருக்கும் என்ன நடக்கிறது என்றே விளங்கவில்லை. ஐந்தாவது டம்ளரில்தான் ஒருத்தி "ஐயோ, என்னோடது!" என்று வீறிட்டாள்.

"உன்னோடதுதான். நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஆறாவதை எடுத்தாள்.

கடைசி டம்ளர் உருளை அக்காவுடையது. அடியில் ஆணியால் பெயர் கீறிய பெரிய எவர்சில்வர் டம்ளர். அதில் விளிம்புவரை ஊற்றி, ஒரே மூச்சில் குடித்து, தட்டென்று மேஜையில் வைத்தாள்.

"இப்ப போய்ச் சாவுங்க எல்லாரும். அடுத்த வருஷம் இதே நாள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தீங்கன்னு எண்ணிப் பாக்கறேன்."

பதினோரு பேரும் வேலையை விட்டு வெளியே வந்து முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு மணி நேரம் இயந்திரம் ஓடவில்லை, அறுவை அரங்கிலிருந்து விரிப்பு கேட்டு ஆள்மேல் ஆள் வந்தது. சூப்பர்வைசர் வெடுக்கைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசினார். வேலையை விட்டு எடுக்க முடியவில்லை, காரணம் எழுதிக் கொடுத்தால் தடுப்பூசிப் பேச்சும் கூடவே மேலே போகும். அதனால் அவளை வெளியே, தள்ளுவண்டியில் சுத்தத் துணி ஏற்றி வார்டு வார்டாகக் கொண்டுபோகும் வேலைக்கு மாற்றினார். அழுக்கறையை மற்றவர்கள் முறைவைத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

முறை வைத்த பத்தாம் நாள் உருளை அக்காவின் நாள். அவளுக்கு எதிலும் பொறுமை கிடையாது. மூட்டையை அவிழ்த்து, விரிப்புகளை இரண்டு கையாலும் அள்ளி மார்போடு அணைத்துத் தூக்கினாள். அடுத்த நொடி கூடமே அதிரக் கத்தினாள்.

வெளியே வண்டியில் துணி ஏற்றிக்கொண்டிருந்த வெடுக்கு ஓடிவந்து பார்த்தபோது, உருளை அக்காவின் இடது உள்ளங்கையில் கையுறையைத் துளைத்துக்கொண்டு ஊசி நின்றது. அவள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, குத்திய இடத்தைப் பிதுக்கிப் பிதுக்கி ரத்தத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்களில் ஒருத்தி மஞ்சள் பொடி என்றாள், இன்னொருத்தி சுண்ணாம்பு என்றாள். வெடுக்கைப் பார்த்ததும் உருளை அக்காவுக்கு ஆவேசம் வந்துவிட்டது.

"இவதான்! இவதான் வச்சிருக்கா! துணிக்குள்ள ஊசியை வச்சிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி வந்து நிக்கறா பாரு!"

எல்லாத் தலையும் வெடுக்குப் பக்கம் திரும்பியது. சூப்பர்வைசரும் வந்துவிட்டார். "என்னடி, உண்மையா?" என்றார்.

வெடுக்கு அவரைத் தாண்டிப் போனாள். உருளை அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் உதறினாள். இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"பிதுக்காத. பிதுக்கக் கூடாது. சோப்பு போட்டு ஓடற தண்ணில காட்டு. சண்டை எங்கயும் ஓடிப்போயிடாது, கழுவிட்டு வந்து போடு."

"கையை விடுடி!"

"விட மாட்டேன். அந்த ஊசி எந்த வார்டு ஆளு உடம்புல இருந்து வந்துச்சோ. ஒரு நாளைக்குள்ள மருந்து ஊசி போட்டா வராது. நீ செத்தா எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. ஆனா நான் கொன்னேன்னு சொல்லுவாங்க. அந்தப் பேரு எனக்கு வேண்டாம்."

குழாயடியில் கையைப் பிடித்து ஐந்து நிமிஷம் தண்ணீரில் காட்டினாள். அப்புறம் அவசரப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு நடந்தாள். முற்றத்தின் நடுவில் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டே போன அந்தக் காட்சியை மூன்று மாடி நோயாளிகளும் ஜன்னலில் நின்று பார்த்தார்கள்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர், "தடுப்பூசி போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். உருளை அக்கா விழித்தாள். "சலவைக்கூடத்துல யாருமே போடலையா? இதை நான் எழுதி அனுப்பறேன், உங்க சூப்பர்வைசர் பேரு என்ன?" என்று அவர் பேனாவை எடுத்தபோது, கூடவே வந்திருந்த சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. ரத்தம் எடுத்தார்கள். முடிவு நாளைக்குத்தான் வரும், அதுவரை காத்திருக்கக் கூடாது என்று இரண்டு ஊசி போட்டு அனுப்பினார்கள்.

மறுநாள் மத்தியானம், வெடுக்கு கொல்லைப்புறத்தில் வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது, முன்னால் ஒரு நிழல் விழுந்தது. உருளை அக்கா. கையில் மடித்த காகிதம்.

"பாவி! உன் வாயை வச்சு என் டம்ளர்ல குடிச்சியே. எனக்கும் வந்துருச்சுடி!"

வெடுக்கு காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். இரண்டு மாதத்துக்கு முன் அவள் கைக்கு வந்த அதே மாதிரிக் காகிதம், அதே எழுத்து, அதே முத்திரை. அவள் கனவிலும் நினைக்காதது. ஒரு கணம் நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது என்பது உண்மை. அது சந்தோஷம்தான், வேறு பெயர் கிடையாது.

"என் எச்சிலுக்கு அவ்வளவு வேகம் இருந்தா, என் வீட்டுக்காரன் என்னிக்கோ போய்ச் சேர்ந்திருப்பான். என் பொண்ணு நான் மென்னு ஊட்டின சோத்தைத் தின்னு வளந்தவ. அவளுக்கு இல்ல. உனக்கு மட்டும் ஒரு டம்ளர்ல வந்துருச்சா?"

"அப்ப நேத்து ஊசியிலயா?"

"ஒரு ராத்திரியில ரத்தத்துல தெரியாது. ரத்த வங்கிக்குப் பக்கத்து அறையில ஒரு அம்மா இருப்பாங்க. போய் அவங்ககிட்ட கேளு. என்கிட்ட கத்தாத."

இரண்டு நாள் கழித்து உருளை அக்கா மறுபடி அதே இடத்துக்கு வந்தாள். இந்தத் தடவை கத்தவில்லை. சுவரோரம் நின்றாள்.

"இன்னும் ரெண்டு மூணு சோதனை பண்ணாங்க. பழசாம். வருஷக்கணக்கா இருக்காம். எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்ல முடியாதாம். ரெண்டாவது பிரசவத்துல எனக்கு ரத்தம் ஏத்துனாங்க, அதுவா இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாமாம்." பிறகு சட்டென்று விரலை நீட்டினாள். "இதை வெளிய மூச்சு விட்டே, நாக்கை இழுத்து வச்சு அறுத்துருவேன்."

"மிரட்டறியா? நீயா, என்னையா?"

"ஆமா."

வெடுக்கு எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கூடத்துக்குள் நடந்தாள். பின்னால் உருளை அக்கா மூச்சிரைக்க வருவது கேட்டது. உள்ளே பத்துப் பேரும் மடித்துக்கொண்டிருந்தார்கள். சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது, நாலே சொல். மூன்று வாரப் பிளீச்சிங் பவுடருக்கும், சாக்கட்டிக்கும், அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து ஒரே போடு. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அறை வாசலில் சூப்பர்வைசரும் எட்டிப் பார்த்தார், பேனாவால் காதைக் குடைந்தபடியே. தன் விஷயத்தையும் இப்படித்தான், காது குடைந்துகொண்டே, சாவகாசமாகச் சொல்லியிருப்பார் இந்த ஆள் என்று தோன்றியது. வாய்வரை வந்ததை வெடுக்கு விழுங்கினாள்.

"வார்டுக்கு இருபது தலையணை உறை குறையுது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

உருளை அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"உனக்காக இல்ல" என்றாள் வெடுக்கு. "அந்தாளு செஞ்சதை நானும் செய்ய வேண்டாம்னு பாத்தேன். ஆனா சும்மா விட மாட்டேன். என் டம்ளரை வெளிய வச்சவ நீ, நீயே எல்லார் முன்னாடியும் உள்ள எடுத்து வை. எல்லாரையும் தடுப்பூசி போட்டுக்க வை. நான் சொன்னா காறித் துப்புவாங்க. நீ சொன்னா கையை நீட்டுவாங்க."

"நான் சொன்னா, உனக்கு ஏன் திடீர்னு இவ்வளவு அக்கறைன்னு கேட்டா?"

"என்னையும் அப்படித்தான் ஒருத்தர் கேட்டாரு. நீயாவது உளறாம பதில் யோசிச்சு வை."

அந்த டாக்டர் எழுதிய காகிதம் அதற்குள் மேலே போய்விட்டிருந்தது. அடுத்த வாரம் தொற்றுத் தடுப்புப் பிரிவிலிருந்து ஒரு நர்சம்மா வந்தார். மடிக்கும் மேஜைமேல் படம் போட்ட அட்டைகளைப் பரப்பினார். கல்லீரல் எங்கே இருக்கிறது என்று தொடங்குவதற்குள்ளேயே முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது.

"இந்த வியாதியெல்லாம் ஒரு மாதிரிப் பொம்பளைங்களுக்கு வர்றது. எங்களுக்கு எதுக்கு ஊசி?" என்றாள் ஒருத்தி.

"பிறந்த அன்னிக்கே குழந்தைக்கு வருது. அது என்ன மாதிரிப் பொம்பளை?" என்றார் நர்சம்மா. களைத்துப்போன முகம், ஆனால் குரலில் கொஞ்சமும் குழைவு இல்லை. "பொம்பளைங்க நாம ரத்தப் பரிசோதனை பண்றதே புள்ள உண்டானப்போ மட்டும்தான். அதுக்கப்புறம் யாரு பாக்கறாங்க? நல்லாத்தானே இருக்கோம்னு இருந்துடறோம். வயிறு வீங்கின பிறகு வர்றாங்க என்கிட்ட. அப்ப நான் என்ன பண்ண?"

"ஒரே டம்ளர்ல குடிச்சா வரும்னு சொல்றாங்களே?"

"வராது."

"அப்ப நீங்க குடிப்பீங்களா, இவ டம்ளர்ல?" என்று வெடுக்கைக் காட்டிக் கேட்டாள் இன்னொருத்தி.

வெடுக்கு எழுந்துவிட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் உருளை அக்காவின் குரல் கேட்டது.

"வாயை மூடுங்கடி எல்லாரும்." கூடம் அடங்கியது. "ஊசி குத்தினது என் கையில. டாக்டரை நேருக்கு நேர் கேட்டுட்டேன். டம்ளர்ல வராது, தட்டுல வராது. கையில ஊசி குத்துனா வரும். நாளைக்கு யார் கையில குத்தும்னு யாருக்குத் தெரியும்? எல்லாரும் ரத்தம் குடுங்க, ஊசி போட்டுக்கோங்க." அலமாரிப் பக்கம் நடந்தாள். வெடுக்கு புதிதாக வாங்கி ஜன்னலில் வைத்திருந்த டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு வைத்தாள். பிறகு, தன் மரியாதையை எங்கேயாவது மீட்டாக வேண்டும் என்பதுபோல், திரும்பி ஒரு வார்த்தை சேர்த்தாள்: "அவகிட்ட விஷம்னா அது வாயிலதான் இருக்கு. டம்ளர்ல இல்ல."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நர்சம்மாகூடச் சிரித்தார். வெடுக்குக்குச் சுர்ரென்று ஏறியது. "உன் வாயில மட்டும் என்ன தேனா வடியுது?" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். அன்றைக்கு மடிக்கும் மேஜையில் சிரித்த சிரிப்பு மாதிரி அது இல்லைதான். ஆனாலும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஒன்பது பேர் ரத்தம் கொடுத்தார்கள். முடிவுகளை ஆளுக்கொரு ஒட்டிய உறையில் தந்தார்கள். யாரும் யாரிடமும் காட்டவில்லை. ஒருத்தி மட்டும் புருஷன் சம்மதிக்கவில்லை என்று கடைசிவரை கை நீட்டவில்லை. சூப்பர்வைசரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். புதிதாக வந்தவர் வெடுக்கை மறுபடி அழுக்கறைக்கே போட்டார், மற்றவர்களுக்கும் உதறிப் பிரிக்கக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். அவள் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தாள். இரண்டு பேர் இன்னும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அவளும் கூப்பிடுவதில்லை. உருளை அக்கா கூடத்தில் அவளிடம் முகம்கொடுத்துப் பேசுவதே இல்லை.

கல்லீரல் மருத்துவர் வரும் நாளில் மட்டும் இருவரும் ஒரே பெஞ்சில், நடுவில் இரண்டு ஆள் இடைவெளி விட்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாவது தடவை உருளை அக்கா தன் மூத்த மகளையும் கூட்டிவந்தாள். அவளுக்கு ஏழு மாதம். ஆலோசகர் அம்மா பிள்ளைகளையெல்லாம் பரிசோதிக்கச் சொன்னதில் மூத்தவளுக்கு மட்டும் இருந்தது. வயிற்றுப் பிள்ளைக்குப் போகாமலிருக்க அவளுக்கு மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள்.

"யாரும்மா அவங்க, நம்மளையே பாக்கறாங்க?" என்றாள் மகள்.

"கூட வேலை செய்யறவ. பேச்சு குடுக்காத, கடிச்சிருவா."

வெடுக்கு கேட்டும் கேட்காத மாதிரி இருந்தாள். ஆனால் அந்தப் பெண் எழுந்து போகையில் அவள் கண் வயிற்றிலேயே இருந்தது. தன்னைச் சுமந்தபோது தன் அம்மாவுக்கு யார் இப்படி ஒரு மாத்திரை தந்தார்கள்?

அதற்கப்புறம் இரண்டு மாதம் கழித்து ஒரு காலை வேளை. வெடுக்கு விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். அழுக்கறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உருளை அக்கா வந்தாள். தலை கலைந்து, செருப்பில்லாமல்.

"விடியக்காலை ஆறு மணிக்குப் பெத்துட்டா. பேத்தி. பிறந்ததும் ரெண்டு ஊசி போடணும்னு சீட்டுல எழுதியிருக்கு. வார்டுல இருக்கறவ, மருந்து இருக்கற பெட்டிச் சாவி இல்ல, நாளைக்குப் போடலாம்ங்கறா. நான் கெஞ்சிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்கறா."

"நீயா? கெஞ்சினியா?"

"புள்ள என் பொண்ணுது. கோவிச்சுக்கிட்டு ஏதாவது பண்ணிருவாங்களோன்னு பயமா இருக்கு." உருளை அக்கா தரையைப் பார்த்தாள். "உன் வாய் வேணும். வா."

வெடுக்கு கையுறையைக் கழற்றினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்பதாகப் போகிறது. "பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். நாளைக்காம், நாளைக்கு!" என்று சொல்லிக்கொண்டே ஏப்ரனோடு நடந்தாள்.

பிரசவ வார்டில் அன்று அவள் போட்ட சத்தத்தைப் பற்றி இன்றும் பேசுவார்கள். சீட்டை மேஜையில் அறைந்தாள். தலைமை நர்சு பெயரைக் கேட்டாள், மருத்துவ அதிகாரி பெயரைக் கேட்டாள், சாவி வைத்திருக்கிறவர் வீடு எங்கே என்று கேட்டாள். "சாவிக்கு லீவுன்னா கிருமிக்கும் லீவு சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். பக்கத்துக் கட்டில் பெண்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். "எங்க குழந்தைக்கும் அந்த ஊசி போட்டாச்சா?" என்று ஒருத்தி கேட்க, அவளைத் தொடர்ந்து நாலு பேர் கேட்டார்கள். அரை மணி நேரத்தில் தொற்றுத் தடுப்பு நர்சம்மா வந்தார். இன்னொரு அரை மணியில் வேறு வார்டிலிருந்து மருந்து வந்தது. இரண்டு சின்னத் தொடையிலும் ஒவ்வொரு ஊசி ஏறியது. குழந்தை, வார்டே அதிரும்படி அழுதது. உருளை அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது முற்றத்தில் வெயில் ஏறியிருந்தது. இருவரும் கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"அவ்வளவு கத்தியிருக்க வேண்டாம்" என்றாள் உருளை அக்கா. "மானமே போச்சு."

"அடுத்த தவணை ஆறு வாரத்துல. அப்ப நீயே கத்திக்கோ."

"அதையும் போடாம இழுத்தடிப்பாங்களா?"

"இழுத்தடிச்சா சொல்லியனுப்பு" என்று சொல்லிவிட்டு, வெடுக்கு அழுக்கறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மேஜையில் துணி மலையாகக் குவிந்து கிடந்தது. உருளை அக்கா கூடத்துக்குள் நுழைந்ததும் யாரோ, "அவகூட எங்க போயிருந்தே?" என்று கேட்பதும், "அவகூட நான் ஏன்டி போறேன்?" என்று அக்கா சீறுவதும் சுவருக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.